கூட்டுப் பத்திரத்தில் மாற்றமா? அன்றே எழுதிவிடுங்கள்

நம் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ இருக்கும். அதன் மேல்தட்டில், பழைய பேரேடுகளுக்கு அடியில், மூலையில் மஞ்சள் தடவிய ஓர் உறை கிடக்கும். உள்ளே நாலைந்து முத்திரைத் தாள்கள். அதுதான் கூட்டு வியாபார ஒப்பந்தப் பத்திரம். கையெழுத்துப் போட்ட நாளில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டிருப்போம். அதன் பிறகு பாங்கியில் கேட்டால் ஒரு நகல், ஆடிட்டர் கேட்டால் ஒரு நகல், அவ்வளவுதான். பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்து அதைப் பிரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்போம்?

அந்தப் பதினைந்து வருஷத்தில் கடையில் எல்லாம் மாறியிருக்கும். காலையில் ஷட்டரைத் தூக்குகிறவர் மாறியிருப்பார். ஒருவர் கூடுதலாக முதல் போட்டிருப்பார். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கும். ஒருவருடைய மகன் கல்லாவில் உட்கார ஆரம்பித்திருப்பான். பருப்போடு எண்ணெய் ஏஜென்சியும் சேர்ந்திருக்கும். பத்திரம் மட்டும் எழுதிய நாளில் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இதனால் என்ன வரும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். நம் சங்கத்தில் கூட்டாகக் கடை நடத்துகிறவர்கள் பலர். எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே வீட்டு விஷயத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முப்பது போதும் என்றார் அண்ணாச்சி

1988-ல் மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மூன்று பேர் சேர்ந்து பருப்பு, வத்தல், மல்லி மொத்த வியாபாரம் தொடங்கினோம். மூவரில் மூத்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். முதலில் பாதி அவர் போட்டது. மீதியில் எங்களுடையது கால், இன்னொரு கூட்டாளியுடையது கால். லாப நஷ்டமும் அப்படியே 50, 25, 25 என்று பத்திரத்தில் ஏறியது. பத்திர எழுத்தர் தம்மிடம் இருந்த ஒரு மாதிரியைப் பார்த்து எழுதினார். நாங்கள் கடை பெயரும் எங்கள் பெயர்களும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம்.

ஒன்பது வருஷம் ஓடியது. 1997-ல் அண்ணாச்சிக்குச் சர்க்கரை நோயும் மூட்டு வலியும் சேர்ந்துகொண்டன. கடைக்கு வாரத்தில் ஒரு நாள் வருவதே பெரிய பாடாகிவிட்டது. குல்பர்காவிலிருந்து துவரை லாரி வந்தால் இறக்கி எடை பார்ப்பதும், சில்லறைக் கடைகளுக்குப் போய்ப் பாக்கி வசூலிப்பதும் எங்கள் இருவர் தலையில் விழுந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று, பேரேட்டுக்குப் பொட்டு வைத்த கையோடு, அவரே பேச்சை எடுத்தார்.

“தம்பி, உழைக்கிறது நீங்க ரெண்டு பேரும். எனக்குப் பாதி எதுக்கு? இனிமே முப்பது போதும். நீங்க முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு எடுத்துக்கங்க.”

நாங்கள் வேண்டாம் என்றோம். அவர் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம், “சரி அண்ணாச்சி, அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவர் வாக்கைச் சந்தேகப்படுவதாக ஆகும் என்று நினைத்தோம்.

ஆடிட்டர் இரண்டு தடவை சொன்னார், ஒரு திருத்தப் பத்திரம் போட்டுவிடுங்கள் என்று. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். பத்திரம் மாறாததால் வரிக் கணக்கில் பழைய 50, 25, 25 என்றே போனது. ஐந்தொகை முடிந்த பிறகு அண்ணாச்சி தம் கணக்கில் ஏறிய பாதியிலிருந்து இருபது பங்கை எடுத்து எங்கள் இருவருக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்துவிடுவார். அதை ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்து வைத்தோம். முதல் மூன்று வருஷம் அந்த நோட்டில் அவர் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. “இதுக்கு எதுக்குடா கையெழுத்து” என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார். நாங்களும் விட்டுவிட்டோம்.

2005-ல் ஒரு விடியற்காலையில் அவர் காலமானார்.

மற்ற இருபது எங்கே போச்சு?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவருடைய மூத்த மகன் கடைக்கு வந்தார். வெளியூரில் உத்தியோகம் பார்த்தவர். கடைக் கணக்கு ஒன்றும் அறியாதவர். கையில் பத்திரத்தின் நகல். “சித்தப்பா, அப்பாவுக்கு ஐம்பதுன்னு இதுல போட்டிருக்கு. நீங்க முப்பதுங்கிறீங்க. எட்டு வருஷமா மத்த இருபது எங்க போச்சு?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. காகிதம் அப்படித்தான் சொன்னது. எங்களிடம் இருந்தது ஒரு நோட்டு. அதிலும் மூன்று வருஷத்துக்குத்தான் கையெழுத்து. மீதி ஐந்து வருஷம் எங்கள் கையெழுத்தில் நாங்களே எழுதி வைத்தது. உடம்பு முடியாத மனிதரை ஏமாற்றி எடுத்துக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. சொல்லவும் செய்தார்கள்.

இன்னோர் அடியும் விழுந்தது. பங்குதாரர் ஒருவர் இறந்தால் கடை என்ன ஆகும் என்று எங்கள் பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒன்றும் எழுதாவிட்டால், ஒருவர் இறந்ததுமே கூட்டு கலைந்துவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாங்கியில் கணக்கை நிறுத்தி வைத்தார்கள். புதுப் பத்திரம் எழுதி, புதுக் கணக்கு தொடங்கி, விற்பனை வரிப் பதிவையும் சரி செய்யும் வரை கைமாற்று வாங்கித்தான் லாரிகளுக்குப் பணம் கொடுத்தோம். அதுவும் வத்தல் வரத்து உச்சத்தில் இருந்த நேரத்தில்.

வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். நோட்டை வைத்து வழக்காடலாம், ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். அண்ணாச்சி பெயரைக் கோர்ட்டில் இழுக்க எங்களுக்கும் மனமில்லை, கூட்டாளிக்கும் மனமில்லை. சங்கத்துப் பெரியவர்கள் இருவரையும் ஆடிட்டரையும் வைத்து மூன்று தடவை உட்கார்ந்து பேசினோம். கையெழுத்து உள்ள மூன்று வருஷத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்து இல்லாத ஐந்து வருஷத்துக்கு வாங்கிய தொகையை நாங்கள் இருவரும் 24 மாதத் தவணையில் திருப்பிக் கொடுத்தோம்.

கடைசித் தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று மதினி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். “முப்பது போதும்னு அவர் என்கிட்டயும் சொன்னாரு தம்பி. ஆனா பிள்ளைங்க கையில இருக்கிற காகிதத்துல அது இல்லையே. நான் என்ன செய்வேன்?” என்றார்கள்.

அன்றைக்குத்தான் எங்களுக்குப் புத்தியில் உறைத்தது. மரியாதைக்காக எழுதாமல் விட்டோம் என்று எண்ணியிருந்தோம். எழுதாமல் விட்டதனால், அவர் மனமுவந்து கொடுத்ததே நாங்கள் திருடியதுபோல ஆயிற்று. அவர் கொடுத்த கொடையை அவர் பிள்ளைகளே அறியாமல் போனார்கள். எழுதியிருந்தால் அந்தத் தாள் அவர் பெருந்தன்மைக்குச் சாட்சியாக இருந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் கூட்டு வியாபாரங்களை ஆளுவது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். வக்கீல்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். வியாபாரிக்குத் தெரிய வேண்டிய பிரிவுகள் சிலவே.

முதலில் 11-ஆம் பிரிவு. பங்குதாரர்களின் உரிமையும் கடமையும் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி. அந்த ஒப்பந்தத்தை எல்லாப் பங்குதாரர்களின் சம்மதத்தோடு மாற்றிக்கொள்ளலாம். ஆக, கையெழுத்துப் போட்ட பத்திரத்தை மாற்றவே முடியாது என்பது தவறு. ஒருவர் நீங்கலாக மற்றவர்கள் சேர்ந்து மாற்றிவிடலாம் என்பதும் தவறு. எல்லாரும் சம்மதிக்க வேண்டும்.

அந்தச் சம்மதம் வெளிப்படையாகவும் இருக்கலாம். நடந்துவரும் வழக்கத்திலிருந்து தெரிவதாகவும் இருக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. வக்கீல் எங்களுக்கு வழக்காடலாம் என்றது இதை வைத்துத்தான். ஆனால் வழக்கம் அப்படி நடந்தது என்று நிரூபிக்கிற பாரம், நிரூபிக்க வேண்டியவர் தலையில். சொன்னவர் உயிரோடு இல்லாதபோது அந்தப் பாரம் எவ்வளவு கனம் என்பதை நாங்கள் அறிவோம்.

12-ஆம் பிரிவு அன்றாட விஷயங்களைப் பற்றியது. எந்த ஊரில் கொள்முதல் செய்வது, எந்தக் கடைக்கு எத்தனை நாள் கடன் விடுவது போன்ற சாதாரணக் காரியங்களில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மைப்படி முடிவு செய்யலாம். வியாபாரத்தின் தன்மையையே மாற்றுவதற்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும். பருப்புக் கடை, பருப்பை விட்டுவிட்டு இரும்புக் கடையாக வேண்டுமானால் மூவரில் இருவர் கைதூக்கினால் போதாது.

13-ஆம் பிரிவு, பத்திரம் பேசாத இடத்தில் பேசும். எழுதாவிட்டால் லாபம் எல்லாருக்கும் சமம். வேலை பார்க்கிறவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேல் கைப்பணம் போட்டவருக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல், நான்தானே ராப்பகலாகப் பார்க்கிறேன் என்று சம்பளம் எடுத்துக்கொண்டு பிறகு சங்கடப்பட்டவர்கள் உண்டு.

புதிய பங்குதாரரைச் சேர்க்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பத்திரத்தில் முன்பே வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படி நடக்கலாம். வாரிசு என்பதனாலேயே மகன் பங்குதாரர் ஆகிவிடமாட்டான். 18 வயது ஆகாத பிள்ளையை லாபத்தின் பலனுக்கு மட்டும் சேர்க்கலாம். வயது வந்ததும் பங்குதாரராக இருக்கிறேன், இல்லை என்று 6 மாதத்துக்குள் அவன் அறிவிக்க வேண்டும்.

இரண்டே பேர் சேர்ந்து கடை நடத்துகிறவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் இறந்தால் கூட்டு தொடரும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. மிஞ்சுவது ஒரே ஆள். ஒருவர் தமக்குத் தாமே கூட்டாக முடியாது என்று 1965-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே நம்பிக்கையான மூன்றாவது ஆளை, மனைவியையோ மகனையோ, காலத்தோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

எப்போதெல்லாம் திருத்தம் எழுத வேண்டும்?

லாபப் பங்கு மாறினால். ஒருவர் கூடுதலாக முதல் போட்டால் அல்லது எடுத்தால். சம்பளம், வட்டி மாறினால். பாங்கிக் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவர் மாறினால். கடை இடம் மாறினால், கிளை திறந்தால். புதிய சரக்கு வகையில் இறங்கினால். ஒருவர் சேர்ந்தால், விலகினால், இறந்தால். இவற்றில் எதுவாக இருந்தாலும் எழுத வேண்டும்.

சம்பள விஷயத்தில் இப்போது ஒரு புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளத்தைச் செலவாகக் கழிக்க வருமான வரியில் ஓர் உச்சவரம்பு உண்டு. முன்பு முதல் 3 லட்சம் லாபத்துக்கு 1.5 லட்சம் அல்லது 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது என்று இருந்தது. 2024-25 நிதியாண்டு முதல் அது முதல் 6 லட்சத்துக்கு 3 லட்சம் அல்லது 90 சதவீதம் என்று உயர்ந்தது. அதற்கு மேற்பட்ட லாபத்துக்கு 60 சதவீதம். பல பத்திரங்களில் பழைய எண்ணையே எழுத்தால் எழுதி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தால் சட்டம் கூடுதலாக அனுமதித்தாலும் நம் பத்திரம் அனுமதிக்காது. உங்கள் பத்திரத்தை எடுத்து அந்த வரியைப் பாருங்கள்.

எப்படி எழுதுவது?

முதலில் பழைய பத்திரத்தைப் படியுங்கள். மாற்றம் செய்ய இத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அதிலேயே ஏதேனும் விதி இருந்தால் அதன்படி நடக்க வேண்டும்.

ஒன்றிரண்டு விதிகள் மட்டும் மாறுகின்றன என்றால் ஒரு துணைப் பத்திரம் போதும். ஆட்களே மாறுகிறார்கள் என்றால் புதிய பத்திரமாகவே எழுதிவிடுவது சுத்தம். முத்திரைத் தாள் எவ்வளவுக்கு என்பதை அன்றைய கட்டணப்படி பத்திர எழுத்தரிடமோ ஆடிட்டரிடமோ கேட்டு வாங்குங்கள். கடையின் அசையாச் சொத்து எதுவும் இந்த மாற்றத்தில் கை மாறுகிறது என்றால் வக்கீலைக் கேட்காமல் எழுத வேண்டாம்.

செய்யக்கூடாத இரண்டு உண்டு. ஒன்று, பழைய பத்திரத்தில் எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண் எழுதுவது. கையெழுத்தான பத்திரத்தில் அப்படிச் செய்தால் பத்திரத்தின் மேலேயே சந்தேகம் விழும். இரண்டு, பழைய தேதி போட்டு எழுதுவது. எங்கிருந்தாவது பழைய முத்திரைத் தாள் வாங்கி வருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முத்திரைத் தாள் எந்தத் தேதியில், யார் பெயரில் விற்றது என்பதற்குப் பதிவு உண்டு. மாற்றம் முன்பே நடந்துவிட்டது என்றால் இன்றைய தேதியில் எழுதி, இன்ன தேதி முதல் இப்படி நடந்து வருகிறது, அதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

லாபப் பங்கு மாறும்போது எழுத வேண்டியதன் சாரம் இதுதான். அன்றைக்கு அண்ணாச்சி முன்னால் நாங்கள் எழுதியிருக்க வேண்டியதும் இதுவே:

“இன்ன தேதியில் நாங்கள் எழுதிக்கொண்ட கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தின் இன்ன எண் விதியில் கண்ட லாப நஷ்டப் பங்கை, எங்கள் எல்லாருடைய சம்மதத்தின் பேரில், இன்ன தேதி முதல் முதல் நபருக்கு 30, இரண்டாம் நபருக்கு 35, மூன்றாம் நபருக்கு 35 சதவீதம் என மாற்றிக்கொள்கிறோம். அந்தத் தேதி வரையுள்ள கணக்கு பார்த்துத் தீர்க்கப்பட்டது. மற்ற விதிகள் யாவும் முன்போலவே தொடரும்.”

கீழே எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சிகள். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். ஆளுக்கு ஒரு பிரதி. ஒரு பிரதியைப் பழைய பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். முக்கியமாக, வீட்டிலும் சொல்லிவிடுங்கள். நமக்குப் பின் அந்த உறையைப் பிரிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

எழுதினால் மட்டும் போதாது

பத்திரம் நமக்குள்; வெளியில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

கூட்டுப் பதிவாளர்: நம் மாநிலத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். கடைப் பெயர், இடம், கிளை, பங்குதாரரின் பெயர், முகவரி, சேர்ந்தது, விலகியது ஆகியவற்றை அங்கே தெரிவிக்க வேண்டும். லாபப் பங்கு மட்டும் மாறினால் பதிவேட்டில் ஏற்றும்படி சட்டம் கேட்பதில்லை. இதைச் சிறு விஷயம் என்று விடக்கூடாது. ஒருவர் 2 லட்சம் பாக்கி வைத்துவிட்டுக் கையை விரித்தால், ஒப்பந்தப்படி அதை வசூலிக்கக் கூட்டின் பேரில் வழக்குப் போட வேண்டும். கூட்டு பதிவாகியிருக்க வேண்டும். வழக்குப் போடும் பங்குதாரர்களின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்கிறது 69-ஆம் பிரிவு. புதுப் பங்குதாரரைச் சேர்த்துவிட்டுப் பதிவேட்டில் ஏற்றாதவர்கள் பாக்கி வசூலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பொது அறிவிப்பு: ஒருவர் விலகினால் பதிவாளருக்குத் தெரிவிப்பதோடு அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் புழங்கும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஓர் அரிசி மண்டிக்காரர், தம் பங்கை வாங்கிக்கொண்டு விலகினார். செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அறிவிப்புக் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மண்டி நொடித்தது. அவரை நம்பிப் பழகிவந்த ஆலைக்காரர் நேராக அவர் வீட்டுக்கு வந்தார். நான் விலகிவிட்டேன் என்றால், எங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். பொது அறிவிப்புக் கொடுக்கிற வரை, விலகியவரும் வெளியாருக்குப் பங்குதாரர் போலவே பொறுப்பு என்பதுதான் சட்டம். விளம்பரத்துக்கு ஆகாத பணத்தைப் போல எத்தனையோ மடங்கு அவர் கொடுத்துத்தான் மீண்டார்.

ஜிஎஸ்டி: பங்குதாரர் சேர்ந்தாலும் விலகினாலும் 15 நாளுக்குள் பதிவில் திருத்தம் கேட்க வேண்டும். விலகுகிறவர் ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், அவர் தெரிவிக்கிற தேதி வரை வரும் வரிப் பாக்கிக்கும் அவர் பொறுப்பாளி. இதைக் கடையில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாமல், விலகுகிறவரே தம் கையால் அனுப்பி ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும்.

வருமான வரி: பங்கோ ஆட்களோ மாறிய வருஷத்துக் கணக்கோடு, எல்லாப் பங்குதாரர்களும் சான்றிட்ட புதிய பத்திர நகலைக் கொடுக்க வேண்டும். சம்பளம், வட்டி ஆகியவை பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் செலவாகக் கழியும். அதுவும் பத்திரத் தேதிக்கு முந்திய காலத்துக்குக் கழியாது. மார்ச் மாதம் எழுதிவிட்டு ஏப்ரலிலிருந்து சம்பளம் எடுத்ததாகக் காட்ட முடியாது. முதலுக்கான வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் வரைதான் கழியும். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு பங்குதாரருக்குச் சம்பளம், வட்டி, கமிஷன் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் கடையே 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாங்கி: ஓவர்டிராப்ட், கடன் எதுவும் இருந்தால் மாற்றத்துக்கு முன்பே மேலாளரிடம் பேசுங்கள். விலகுகிறவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், விடுவித்துவிட்டோம் என்று பாங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குகிற வரை அவர் நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

உணவுப் பொருள் உரிமம், கடை உரிமம், மின் இணைப்பு, கடை வாடகை ஒப்பந்தம் ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைசியாக, சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் தரகர்களுக்கும் ஒரு கடிதம்.

ஒரு காலை நேரத்து வேலை

2014-ல் எங்கள் மகனையும் கூட்டாளியின் மருமகனையும் சேர்த்தோம். இந்தத் தடவை தள்ளிப்போடவில்லை. பழைய பத்திரத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தோம். படிக்கப் படிக்க, விட்டுப் போனவை எல்லாம் வெளியே வந்தன. ஒருவர் இறந்தால் கடை தொடர வேண்டும், அவர் பங்கை ஐந்தொகைப்படி கணக்குப் பார்த்து வாரிசுகளுக்கு இத்தனை மாதத்தில் கொடுக்க வேண்டும், தகராறு வந்தால் முதலில் மத்தியஸ்தம் என்று மூன்று விதிகளைச் சேர்த்தோம். வருஷா வருஷம் ஐந்தொகையில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நாலாவது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் எழுந்துவிட்டோம். எட்டு வருஷமாக நாங்கள் தள்ளிப்போட்ட வேலை இவ்வளவுதான்.

கூட்டாளியின் மருமகன் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: “மாமா, நமக்குள்ள இவ்வளவு எழுதணுமா?” கூட்டாளி பதில் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து அந்தப் பழைய கோடு போட்ட நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மூன்று பக்கத்தில் அண்ணாச்சியின் கையெழுத்து, அதற்கப்புறம் வெற்றிடம்.

போன வருஷம் அண்ணாச்சியின் மூத்த மகனிடமிருந்து ஒரு போன் வந்தது. அவர் பையன் இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து மசாலாப் பொடி வியாபாரம் தொடங்குகிறானாம். “சித்தப்பா, பத்திரம் எழுதப் போறாங்க. கையெழுத்துக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்” என்றார். போய்ப் பார்த்தோம். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு விதியை மட்டும் சேர்க்கச் சொன்னோம்: இந்தப் பத்திரத்தில் எந்த மாற்றமும் எல்லாரும் கையெழுத்திட்ட எழுத்தின் மூலமே செல்லும், வாய்ப்பேச்சால் செல்லாது. அவர் எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து உங்கள் பத்திரத்தை எடுங்கள். அதில் எழுதியிருப்பதும் கடையில் நடப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால், கூட்டாளிகள் எல்லாரும் நலமாக, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இப்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.